கலப்பையால் காட்டை வளர்க்க முடியுமா? ஆல்டோ லியோபோல்ட் யார்?

கோடையில் அடி அண்ணாமலை பக்கம் போனவர்களுக்குத் தெரியும். மலையில் புல் காய்ந்து கிடக்கும். ஒரு சின்னப் பொறி விழுந்தால் போதும், சரிவு முழுக்க எரியும். தண்ணியும் தீனியும் தேடி மான்கள் கிரிவலப் பாதை வரைக்கும் இறங்கி வரும். வந்த இடத்தில் வண்டியில் அடிபடும், இல்லையென்றால் தெருநாய்கள் குதறும். இந்தச் செய்தியைப் படிக்கும் பலருக்கும் சட்டென்று தோன்றும் யோசனை ஒன்று உண்டு. மலையடிவாரத்துல கொஞ்சம் நிலத்தை உழுது, மானுக்குன்னே தீவனம் விதைச்சுவிட்டா என்ன?

அமெரிக்காவில் இதைப் பரவலாகவே செய்கிறார்கள். ஏ.டி.வி எனப்படும் நான்கு சக்கர பைக்கின் பின்னால், நம்ம ஊர் சட்டிக் கலப்பையின் குட்டி வடிவம் ஒன்றை மாட்டி, காட்டோரமாகச் சின்னச் சின்னத் துண்டுகளாக உழுது, மானுக்கும் பறவைக்கும் பயிர் விதைக்கிறார்கள். எந்தக் கலப்பை வாங்குவது என்பதே அங்கே பெரிய விவாதம். வண்டி லேசானது, அதனால் கலப்பையும் லேசாகத்தான் இருக்க முடியும். வெறும் எடை குறைந்த வட்டு காய்ந்த தரையில் இறங்காது, மேலேயே உருண்டு போய்விடும். அதனால் மேலே கல்லோ இரும்போ ஏற்றி எடை கூட்டும் வசதி இருக்கிறதா, வட்டுகளின் சாய்வை மாற்ற முடியுமா, புல்வேரை வெட்ட விளிம்பில் பல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள். இதில் பெரும்பகுதி வேட்டைக்காரர்களின் ஆர்வம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காட்டுயிருக்காகக் கலப்பையை எடுக்கலாம் என்ற எண்ணத்தைப் பாடப்புத்தகம் ஆக்கியவர் ஆல்டோ லியோபோல்ட். அதே மனிதர், தீவனம் போட்டு மானைக் காப்பாற்றிவிட முடியாது என்றும் பின்னாளில் வாதாடினார். அதற்காக ஊராரிடம் திட்டும் வாங்கினார்.

லியோபோல்ட் பிறந்தது 1887 ஜனவரி 11, அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் பர்லிங்டன் ஊரில். அப்பா மர மேசைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர், வேட்டைப் பிரியர். ஆனால் பறவைகள் குறைவதைப் பார்த்து, சட்டம் வருவதற்கு முன்பே தன் வேட்டைக்குத் தானே வரம்பு வைத்துக்கொண்டவர். பையனுக்கு அந்தப் பாடம் முதலில் வீட்டிலேயே கிடைத்தது. யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் முடித்து, 1909-ல் வனத்துறை வேலைக்கு அரிசோனா போனார்.

அந்தக் காலத்து வனத்துறைக்குக் கணக்கு எளிது. ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரருக்குக் கொண்டாட்டம். இளம் லியோபோல்டும் அதை நம்பி ஓநாய்களைச் சுட்டார். ஒரு தாய் ஓநாய் தன் கண் முன்னே செத்ததைப் பல ஆண்டுகள் கழித்து அவர் எழுதியது இன்றும் சூழலியல் படிப்பவர்கள் தவறாமல் படிக்கும் பகுதி. உடனே மனம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதற்குச் சில பத்தாண்டுகள் ஆயின. இடையில் 1913-ல் மழையிலும் குளிரிலும் நனைந்து சிறுநீரக நோய் வந்து, சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். 1924-ல் நியூ மெக்சிகோவின் கீலா காட்டை, சாலையே போடாத காப்பு நிலமாக அறிவிக்க வைத்ததில் இவர் பங்கு பெரிது. அதே ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்துக்கு மாறினார்.

1933-ல் அவர் எழுதிய 'கேம் மேனேஜ்மென்ட்' இந்தத் துறையின் முதல் பாடநூல். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவருக்காகவே அந்தப் பாடத்துக்குப் பேராசிரியர் பதவி உருவாக்கியதும் அதே ஆண்டில்தான். புத்தகத்தின் அடிப்படைக் கருத்து இது. கோடாரி, கலப்பை, மாடு, நெருப்பு, துப்பாக்கி ஆகிய ஐந்தும்தான் காட்டுயிரை அழித்தன. அதே ஐந்தையும் புரிந்து பயன்படுத்தினால் காட்டுயிரை மீட்கவும் முடியும்.

சும்மா எழுதிவிட்டுப் போகவில்லை. மேடிசன் நகருக்குப் பக்கத்தில் ரைலி என்ற இடத்தில் 1931-லேயே விவசாயிகளையும் நகரவாசிகளையும் ஒன்று சேர்த்து ஒரு கூட்டு முயற்சி தொடங்கியிருந்தார். வயலோரத்தில் தீவனத் துண்டுகள், பறவைகள் ஒளிந்துகொள்ளப் புதர், பனிக்காலத்துக்குத் தீனிக் கொட்டில்கள். அவருடைய நண்பர் ஹெர்பர்ட் ஸ்டோடார்ட், ஜார்ஜியா பகுதியில் காடைகளை வைத்து இதே மாதிரி வேலை செய்துகொண்டிருந்தார். புல்வெளியில் வரிவரியாக லேசாக வட்டுக் கலப்பை ஓட்டினால், மண்ணுக்குள் தூங்கும் விதைகள் முளைக்கும். எதையும் விதைக்காமலேயே காடைக்குத் தீனி தயார். அந்த வெற்று வரி காட்டுத்தீயையும் தடுத்து நிறுத்தும். ஆழ உழுதால் இதில் எதுவும் கிடைக்காது, மண்தான் அடித்துக்கொண்டு போகும். கலப்பை வாங்கும் முன் எதற்காக உழுகிறோம் என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

1935-ல் ஜெர்மனி போனார். அங்கே கண்டது அவரை உலுக்கியது. வரிசையாக ஒரே வகை மரம், காட்டுக்குள் மானுக்குத் தீனித் தொட்டி. தீனி கிடைப்பதால் மான் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, கூடவே அவை கன்றுகளையும் அடிச்செடிகளையும் மேய்ந்து தீர்க்கின்றன. பார்க்கப் பச்சையாக இருக்கும் காடு, தரைமட்டத்தில் மொட்டை. மான் பிழைத்தது, காடு செத்தது.

இதே சிக்கல் அவர் ஊருக்கும் வந்தது. 1940-களில் விஸ்கான்சினில் ஓநாய் ஏறக்குறைய இல்லை, மான் அளவுக்கு மீறிப் பெருகி, பனிக்காலத்தில் பட்டினியால் செத்தது. மக்கள் வைக்கோல் போடச் சொன்னார்கள். லியோபோல்ட், பெண் மான்களையும் சேர்த்து எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றார். 1943-ல் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினரானதும் எதிர்ப்பு இன்னும் கூடியது. அவரைத் தாக்கவே ஒரு பத்திரிகை நடந்தது. மான் பொம்மையை வைத்துக் கொஞ்சும் நமக்கும் இது கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர் கணக்கில் தப்பில்லை என்றே தோன்றுகிறது.

நம்ம மலைக்கு இதை அப்படியே தூக்கிவர முடியாது. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாட முடியாது. காப்புக்காட்டு நிலத்தை அனுமதியில்லாமல் உழுவதும் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஒருவேளை வேலிக்கு வெளியே, மல்லாட்டைக் கொல்லை ஓரமாகத் தீவனம் விதைத்தால்? மான் மலையை விட்டு இன்னும் கீழே, ரோட்டுக்கும் நாய்க்கும் பக்கமாக வரும். அந்த யோசனையின் ஓட்டை அதுதான். தீத்தடுப்பு வரி, மேலேயே தண்ணீர், மேலேயே நாட்டு மரமும் புல்லும் என்பவை லியோபோல்ட் வழிக்கு நெருக்கமானவை.

கடைசிக் காலத்தில் அவர் செய்ததும் அதுதான். 1935-ல் பாராபூ ஊருக்குப் பக்கத்தில், விவசாயம் செய்து சத்து போய்க் கைவிடப்பட்ட மணல் நிலம் ஒன்றை வாங்கினார். அங்கே மிச்சமிருந்தது ஒரு கோழிக் கொட்டகை மட்டும். அதைச் சுத்தம் செய்து குடும்பத்தோடு வார இறுதிகளில் தங்கினார். மனைவி எஸ்டெல்லா, ஐந்து பிள்ளைகள், கையில் மண்வெட்டி. ஆரம்ப வருஷங்களில் வறட்சியில் கன்றுகள் பெரும்பாலும் கருகின. மறுபடியும் நட்டார்கள். இப்படி ஆயிரக்கணக்கில் பைன் மரங்கள். அந்தப் பிள்ளைகளில் மூன்று பேர் பிற்காலத்தில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிக்குத் தேர்வானார்கள்.

அந்த நிலத்தைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. 1948 ஏப்ரல் 14-ம் தேதி ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் போனில் சம்மதம் சொன்னது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 21-ம் தேதி, பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் புல் தீப்பிடித்தது. அணைக்க ஓடிய லியோபோல்ட் அங்கேயே மாரடைப்பில் இறந்தார். வயது 61. 'எ சாண்ட் கவுண்டி அல்மனாக்' 1949-ல் வெளியானது. பிள்ளைகள் தொடங்கிய அறக்கட்டளை அந்த நிலத்தை இன்றும் பார்த்துக்கொள்கிறது. கோழிக் கொட்டகையும் அப்படியே நிற்கிறது.