வண்ணார்பண்ணையிலிருந்து ஸாஹிரா வரை: அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ்

க.பொ.த. உயர்தரம், கலைப்பிரிவு

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஆயுதம் தாங்கியவர்களின் கட்டளைக்கு அடிபணிந்து சில மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேறினார்கள். எங்கள் உம்மம்மாவும் அவர்களில் ஒருவர். சோனகத் தெருவில் வீடு, கிணறு, முற்றத்து மாதுளை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலுக்குள் குடியேறியவர். அந்தக் கொட்டிலில் குப்பி விளக்கை ஏற்றிவைத்துப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லும்போதெல்லாம் அவர் ஒரு பெயரைச் சொல்வாராம். அது அஸீஸ் என்ற பெயர். எங்கள் ஊரில் பிறந்து, கல்விக்காகப் பெரிய உத்தியோகத்தையே விட்டவர் என்று உம்மா எனக்கும் சொல்லித் தந்தார். அந்தப் பெரியாரின் வாழ்வை என் சகோதரிகளுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் அவர்கள் 1911 ஒக்டோபர் 4ஆம் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார்கள். தந்தையார் எஸ். எம். அபூபக்கர் அவர்கள் ஒரு சட்டத்தரணி. சிறுவர் அஸீஸ் குர்ஆன் மத்ரஸாவில் ஓதினார். பின்னர் இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கல்வி கற்றார். முஸ்லிம் மாணவர் ஒருவர் சைவச் சூழலில் தமிழை ஆழமாகக் கற்றுக்கொண்டார். ஆனால், தம் மார்க்கத்தில் ஒரு கடுகளவும் குறையவில்லை. தமிழும் இஸ்லாமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்ற தெளிவு அவருக்குப் பிற்காலத்தில் வந்ததன்று. பள்ளிப் பருவத்திலேயே வேரூன்றியது.

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்றுத் தேறிய அவர், புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவானார். அச்சேவையில் இடம்பெற்ற முதலாவது இலங்கை முஸ்லிம் இவரே. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டுப் பிள்ளை ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த உத்தியோகம் அது.

இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்றை அரசாங்கம் திறந்து, உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் அவர்களை அனுப்பியது. காடு வெட்டி வயல் செய்யும் மக்களோடு அவர் நெருங்கிப் பழகினார். அப்போது ஓர் உண்மை அவர் மனதை உறுத்தியது. நெல் விளையும் நிலம் இருக்கிறது, உழைக்கும் கைகள் இருக்கின்றன, கூர்மையான புத்தியுள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் அப்பிள்ளைகள் ஐந்தாம் ஆறாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள். மேலே படிப்பிக்கப் பெற்றோரிடம் பணமில்லை. கிழக்கிலேதான் சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அவருக்கு வாய்த்தது. அவர்களிருவரையும் இணைத்தது கல்வியும் தமிழும்தான்.

கல்முனையில் கண்டதை அவர் மறக்கவில்லை. 1945 மே மாதத்தில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். அதே ஆண்டில்தான் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் இல்லாவிட்டாலும் விடுதிச் செலவும் புத்தகச் செலவும் ஏழைகளுக்கு மலையளவுதான். அந்த மலையைக் கடக்கவே அச்சகாய நிதி கைகொடுத்தது. இப்படிப் படித்து முன்னேறிய மாணவர் பலர்.

1948 அவரது வாழ்வின் திருப்புமுனை. ரி. பி. ஜாயா அவர்கள் நீண்ட காலம் கட்டியெழுப்பிய கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபர் தேவைப்பட்டார். அஸீஸ் அவர்கள் சிவில் சேவையை விட்டு விலகி அப்பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு 37 வயதுகூட நிரம்பவில்லை. இன்னும் பல படிகள் ஏறியிருக்கலாம். ஏறிய ஏணியிலிருந்து தாமாக இறங்கி ஒரு பாடசாலையின் வாசலுக்கு வர எத்தனை பேருக்கு மனம் வரும்?

1961 வரை அவர் ஸாஹிராவின் அதிபராக இருந்தார். முஸ்லிம்களின் சிந்தனைக்கும் பண்பாட்டுக்கும் அக்கல்லூரி ஒரு மத்திய நிலையமாக வேண்டும் என்பதே அவரது கனவு. அங்கே தமிழ் செழித்தது. பிற்காலத்தில் பேராசிரியராகப் புகழ்பெற்ற கார்த்திகேசு சிவத்தம்பி அவர்கள் அங்கு கற்றவர், பின்னர் அங்கேயே கற்பித்தவர். 1950இல் அஸீஸ் அவர்களின் முயற்சியால் முஸ்லிம் வாலிபர் சங்கங்களின் சம்மேளனமும் உருவானது.

1952 முதல் 1963 வரை அவர் செனட் சபை உறுப்பினராகவும் இருந்தார். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது அதை எதிர்த்துப் பேசினார். அதிகாரத்தில் இருப்பவர்களோடு ஒத்துப்போவது அவருக்கு இலகுவாக இருந்திருக்கும். ஆனால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளின் எதிர்காலத்தையே அவர் பெரிதாக எண்ணினார். அவர் எழுதிய 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூல் சாகித்திய விருது பெற்றது. தாம் சென்ற எகிப்து, கிழக்காபிரிக்கா முதலிய நாடுகளைப் பற்றியும் இனிய தமிழில் நூல்கள் எழுதினார்.

1973 நவம்பர் 24ஆம் திகதி அன்னார் இறையடி சேர்ந்தார்கள். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தனது முதலாவது பட்டமளிப்பு விழாவில் அவருக்கு இலக்கிய கலாநிதிப் பட்டத்தை வழங்கிக் கௌரவித்தது. பிறந்த மண் தன் மைந்தனை மறக்கவில்லை. அதற்குப் பத்து ஆண்டுகளின் பின் அதே மண்ணிலிருந்துதான் அவருடைய சமூகம் வெறுங்கையோடு வெளியேற நேர்ந்தது.

யாழ்ப்பாணம் எங்கள் ஊரா என்று நான் சில வேளை தடுமாறியதுண்டு. உம்மா அங்கே பிறந்தவர், நான் பிறந்ததோ புத்தளத்தில். அஸீஸ் அவர்களின் வாழ்வைப் படித்த பிறகு அந்தத் தடுமாற்றம் இல்லை. இந்துக் கல்லூரியில் படித்து, சுவாமி விபுலாநந்தரோடு நட்புக் கொண்டு, தமிழில் இஸ்லாத்தை எழுதிய ஒருவரைத் தந்த ஊர் எங்களுக்கும் சொந்தம்தான்.

சகோதரிகளே, எங்கள் வகுப்பில் சாதாரண தரத்தோடு நின்றுபோன தோழிகளின் இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. ஒருத்திக்குப் பணமில்லை, இன்னொருத்திக்குப் படித்தது போதும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். கல்முனையில் அஸீஸ் அவர்கள் கண்ட பிள்ளைகள் இன்னும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். பெற்றோரே, அவர்களைத் தயவு செய்து நிறுத்திவிடாதீர்கள். வீட்டை விட்டுவிட்டு வந்த அன்று தான் கொண்டுவந்தது படித்த படிப்பை மட்டும்தான் என்று உம்மம்மா சொல்வார். அந்தப் படிப்பால்தான் முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

அன்னாரின் பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, உயர்ந்த சுவனபதியை அருள்வானாக. ஆமீன்.