பி. எஸ். சிவசாமி ஐயர்

சர் பி. எஸ். சிவசாமி ஐயர் (பெப்ரவரி 7, 1864 – நவம்பர் 5, 1946) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வழக்கறிஞர், கல்வியாளர், மிதவாத அரசியல் தலைவர் ஆவார். சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகவும், ஆளுநரின் நிருவாகக் குழு உறுப்பினராகவும், சென்னைப் பல்கலைக்கழகம், காசி இந்துப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். மயிலாப்பூரில் உள்ள லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளியின் மூலமே இன்று பலரும் இவரது பெயரை அறிவர். படித்த இந்திய இளைஞர்கள் இராணுவ அதிகாரிகளாகப் பயிற்சி பெற வேண்டும் என்று சட்டமன்றத்தில் இடைவிடாது வாதாடியவர் என்பது அந்த அளவுக்குத் தெரிந்த செய்தி அன்று. இக்கட்டுரை அப்பணியைச் சற்று விரிவாகக் கூறுகிறது.

இளமையும் சட்டத்துறையும்

தஞ்சாவூர் மாவட்டத்தில் திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள பழமார்நேரி என்ற ஊரில் பிறந்தார். பெயரின் முன்னுள்ள முதல் எழுத்து அந்த ஊரைக் குறிப்பது. தந்தையார் சுந்தரம் ஐயர். தஞ்சையிலும் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1885 இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்.

1893 முதல் 1899 வரை சென்னைச் சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிந்தார். 1893 இலிருந்து 1907 வரை 'மெட்ராஸ் லா ஜர்னல்' இதழின் இணையாசிரியர்களுள் ஒருவராகவும் இருந்தார். 1907 இல் அட்வகேட் ஜெனரல் ஆனார். ஆளுநரின் நிருவாகக் குழுவில் இந்திய உறுப்பினராக இருந்த வி. கிருஷ்ணசாமி ஐயர் 1911 இன் இறுதியில் காலமானதையடுத்து, 1912 இல் அவ்விடம் சிவசாமி ஐயருக்கு அளிக்கப்பட்டது. 1917 வரை அப்பதவியை வகித்தார். 1915 இல் சர் பட்டம் பெற்றார்.

துணைவேந்தர் பதவியும் மாணவர் படையும்

சிவசாமி ஐயர் 1916 முதல் 1918 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1917 இல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் நிறைவேறியது. இச்சட்டம் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர்களுக்குப் படைப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. இந்தியர்களுக்கோ அது விருப்பத்தின் பேரில் மட்டுமே. இச்சட்டத்தின் கீழ் கல்கத்தா முதலிய பல்கலைக்கழகங்களில் மாணவர்களைக் கொண்ட படைப்பிரிவுகள் உருவாயின. 1920 இல் இந்தியப் பிரதேச சேனைச் சட்டம் வந்த பிறகு இவை பல்கலைக்கழகப் பயிற்சிப் படை எனப் பெயர் மாற்றம் பெற்றன.

இப்படையில் சேர்ந்த மாணவர்கள் அணிநடை, துப்பாக்கி சுடுதல் ஆகியவற்றில் பயிற்சி பெற்றதோடு ஆண்டுதோறும் ஒரு முகாமிலும் தங்கினர். போருக்குச் செல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. ஆனால் இதில் எவ்வளவு சிறப்பாகத் தேறினாலும் இராணுவத்தில் அதிகாரியாகச் சேர அது வழி திறக்கவில்லை. பயிற்சி கல்லூரியோடு முடிந்தது.

இதன் காரணத்தை அறிய அக்கால இராணுவ அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியர்கள் ஜமேதார், சுபேதார் போன்ற பதவிகள் வரை உயரலாம். இவை வைசிராயின் ஆணையால் அளிக்கப்பட்டவை. முப்பது ஆண்டுகள் பணியாற்றி நரைத்த சுபேதாரும், நேற்று இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய இளம் ஆங்கிலேய லெப்டினன்டுக்குக் கீழ்ப்பட்டவரே. மன்னரின் ஆணை பெற்ற அதிகாரி என்ற நிலை ஆங்கிலேயருக்கே உரியதாயிருந்தது. 1917 ஆகஸ்டில் இத்தடை கொள்கையளவில் நீக்கப்பட்டு, மறு ஆண்டு முதல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் இந்தியருக்கு ஆண்டுக்குப் பத்து இடங்கள் ஒதுக்கப்பட்டன. போர்க்காலத் தேவைக்காக இந்தூரில் ஒரு தற்காலிகப் பயிற்சிக் கல்லூரியும் நடத்தப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற குடகு நாட்டு இளைஞரான கே. எம். கரியப்பா அங்குப் பயின்று 1919 டிசம்பரில் மன்னர் ஆணை பெற்றார். பின்னாளில் (1949) இந்திய இராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஆனவர் இவரே.

தென்னாட்டு இளைஞர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. சில இனத்தவரே போர்க்குணம் உடையவர்கள் என்ற கோட்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இராணுவத் தலைமையில் வேரூன்றியது. சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்தவரான ராபர்ட்ஸ் பிரபு இதைப் பெரிதும் வலியுறுத்தினார். அதன்படி தென்னிந்தியப் படைப்பிரிவுகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1920களில் எஞ்சியிருந்த சென்னைக் காலாட்படைப் பிரிவுகளும் கலைக்கப்பட்டன. படைவீரராகக்கூடத் தகுதியற்றவர் எனக் கருதப்பட்ட பகுதியிலிருந்து வந்த ஒரு வழக்கறிஞர், அதிகாரி பதவியைக் கேட்டார் என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

1921 தீர்மானங்கள்

காங்கிரசிலிருந்து பிரிந்த மிதவாதிகள் அமைத்த தேசிய லிபரல் கூட்டமைப்பின் 1919 ஆம் ஆண்டுக் கல்கத்தா மாநாட்டுக்குச் சிவசாமி ஐயர் தலைமை தாங்கினார். அவ்வாண்டு பஞ்சாபில் நடந்த கொடுமைகளைத் தம் தலைமையுரையில் கண்டித்தார். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1921 இல் கூடிய மத்திய சட்டமன்றத்தில் அவர் உறுப்பினரானார்.

அப்போது எஷர் குழுவின் அறிக்கை வெளிவந்திருந்தது. போருக்குப் பிந்திய இந்திய இராணுவத்தின் அமைப்பை ஆராய எஷர் பிரபுவின் தலைமையில் அமைக்கப்பட்ட குழு இது. ஜாலியன்வாலா பாக் படுகொலையின்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த மைக்கேல் ஓ'டையர் அதன் உறுப்பினர்களுள் ஒருவர் என்பதால் இந்தியரிடையே அதன்மீது நம்பிக்கை ஏற்படவில்லை. இந்திய வரிப்பணத்தில் நடக்கும் இராணுவத்தை இலண்டன் போர்த்துறையின் பிடிக்குள் கொண்டுவரும் முயற்சியாகவே பலரும் அறிக்கையைக் கருதினர்.

1921 மார்ச் 28 அன்று இவ்வறிக்கை தொடர்பாகச் சட்டமன்றம் ஏற்ற 15 தீர்மானங்களைச் சிவசாமி ஐயர் முன்னின்று நடத்தினார். இந்திய இராணுவத்தின் நோக்கம் இந்தியாவின் பாதுகாப்பே என்பது அவற்றின் அடிப்படை. ஆண்டுதோறும் வழங்கப்படும் மன்னர் ஆணைகளில் தொடக்கத்திலேயே 25 விழுக்காட்டுக்குக் குறையாமல் இந்தியருக்கு அளிக்க வேண்டும். படித்த நடுத்தர வகுப்பினரையும் அதிகாரி பதவிகளில் சேர ஊக்குவிக்க வேண்டும். சாண்ட்ஹர்ஸ்ட் போன்ற ஓர் இராணுவக் கல்லூரியை இந்தியாவிலேயே நிறுவ வேண்டும். அதற்கு மாணவரை ஆயத்தம் செய்யும் பள்ளியும் வேண்டும் என்பன குறிப்பிடத்தக்கவை.

இதில் அவரது வாதம் எளிமையானது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத மக்களுக்குத் தன்னாட்சி எப்படி வழங்குவது என்று ஆட்சியாளர் கேட்டனர். அதே ஆட்சியாளரே அவர்களுக்கு அதிகாரிப் பயிற்சியை மறுத்தனர். இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும். அதைக் கல்லூரிகளிலிருந்து தொடங்கலாம் என்பது சிவசாமி ஐயரின் நிலைப்பாடு. சீருடை அணிந்து ஒரு நாளும் பணியாற்றாத அவர், இராணுவச் செலவு, படையமைப்பு, பிற நாட்டு வழக்கங்கள் ஆகியவற்றை வழக்குக் கட்டுகளைப் படிப்பதுபோல் படித்துக்கொண்டு அவைக்கு வந்தார்.

சட்டமன்றத் தீர்மானங்கள் அரசைக் கட்டுப்படுத்தவில்லை. கைகூடியது கொஞ்சமே. ஆயத்தப் பள்ளி மட்டும் 1922 மார்ச்சில் டேராடூனில் வேல்ஸ் இளவரசர் பெயரால் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அரசு அறிவித்த எட்டுப் படைப்பிரிவுத் திட்டம் இந்தியர்க்கு ஏமாற்றமளித்தது. இராணுவம் முழுவதிலும் எட்டுப் பிரிவுகளை மட்டும் தனியே ஒதுக்கி, இந்திய அதிகாரிகளை அவற்றிலேயே நியமிப்பது இத்திட்டம். எந்த ஆங்கிலேயரும் இந்தியர் ஒருவரின் ஆணைக்குக் கீழ் வராமல் இருக்கும் ஏற்பாடு என்று மிதவாதிகள் உட்படப் பலரும் இதை எதிர்த்தனர்.

பிற்காலப் போராட்டம்

1922 இல் ஜெனீவாவில் கூடிய உலக நாடுகள் சங்கத்தின் மூன்றாவது பேரவையில் சிவசாமி ஐயர் இந்தியாவின் பேராளராகக் கலந்துகொண்டார். 1924 இல் இரட்டையாட்சியின் நடைமுறையை ஆராய்ந்த முடிமன் குழுவில் தேஜ் பகதூர் சாப்ரு, ஜின்னா, பராஞ்சபே ஆகியோருடன் சேர்ந்து சிறுபான்மை அறிக்கை அளித்தார். 1926 இல் அகோலாவில் நடந்த லிபரல் மாநாட்டுக்கு மீண்டும் தலைமை தாங்கினார். 1928 இல் அரசியலமைப்புச் சிக்கல்கள் பற்றிய அவரது ஆங்கில நூல் வெளிவந்தது.

இதற்கிடையில் 1925 இல் அமைக்கப்பட்ட ஸ்கீன் குழு, எட்டுப் படைப்பிரிவுத் திட்டத்தைக் கைவிடவும் 1933 க்குள் இந்தியாவில் இராணுவக் கல்லூரி தொடங்கவும் பரிந்துரைத்தது. அரசு உடனே இணங்கவில்லை. சாண்ட்ஹர்ஸ்டில் இடங்களை இருபதாக உயர்த்தியதோடு நிறுத்திக்கொண்டது. வட்டமேசை மாநாட்டுக்குப் பிறகே 1931 இல், தலைமைத் தளபதி பிலிப் செட்வோடின் தலைமையில் இந்திய இராணுவக் கல்லூரிக் குழு அமைந்தது. சிவசாமி ஐயர் அதில் உறுப்பினரானார். பத்தாண்டுகளாக அவர் கேட்டுவந்த கல்லூரியின் திட்டம் அவர் கண்முன்னே வரையப்பட்டது. எனினும் அவர் மனநிறைவு கொள்ளவில்லை. அதிகாரிப் பணியை இந்தியமயமாக்கும் வேகம் போதாது என்று மேஜர் ஜெனரல் ராஜ்வாடேயுடன் சேர்ந்து தம் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 67.

1932 அக்டோபர் 1 அன்று டேராடூனில் இந்திய இராணுவக் கல்விக்கழகம் 40 மாணவர்களுடன் தொடங்கியது. பின்னாளில் பீல்டு மார்ஷல் ஆன சாம் மானெக்சா அம்முதல் அணியில் பயின்றவர்.

கல்விப்பணி

சிவசாமி ஐயர் தம் பொருளையும் உழைப்பையும் இரண்டு பள்ளிகளுக்கு வழங்கினார். ஒன்று பிறந்த ஊருக்கு அருகில் திருக்காட்டுப்பள்ளியில் உள்ள சர் சிவசாமி ஐயர் பள்ளி. மற்றொன்று மயிலாப்பூரில் பெண்களுக்காக நடந்துவந்த பள்ளி. அது அவருடைய மனைவியின் நினைவாக லேடி சிவசாமி ஐயர் பள்ளி என்று பெயர் பெற்றது. 1918-19 இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். அவருக்குப் பின் மதன் மோகன் மாளவியா அப்பொறுப்பை ஏற்றார். வடமொழியில் ஆழ்ந்த புலமை உடையவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்து அறக்கருத்துகளின் வளர்ச்சி குறித்து அவர் ஆற்றிய கமலா சொற்பொழிவுகள் 1935 இல் நூலாயின.

இறுதிக்காலமும் தேசிய மாணவர் படையும்

இரண்டாம் உலகப் போர் சிவசாமி ஐயரின் வாதங்களுக்கு எதிர்பாராத வகையில் வலுச்சேர்த்தது. அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டபோது, நடுத்தர வகுப்புப் பட்டதாரிகளை அரசே தேடி அழைத்தது. கலைக்கப்பட்ட சென்னைப் படைப்பிரிவு 1941 முதல் மீண்டும் திரட்டப்பட்டது. 1942 இல் பல்கலைக்கழகப் பயிற்சிப் படை, பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை என மாற்றப்பட்டது. பெயரில் சேர்ந்த அந்த ஒரு சொல், கல்லூரி மாணவரை வருங்கால அதிகாரியாகக் கருதுவதற்கு அரசு இணங்கியதைக் காட்டுகிறது. ஆனால் போர்க்காலத்தில் அப்படை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

1946 இல், நாடு தழுவிய மாணவர் படை ஒன்றை அமைப்பது பற்றி ஆராய இருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. குன்ஸ்ருவும் லிபரல் கட்சியின் தலைவர்களுள் ஒருவர். நாடாளுமன்ற அவைகளில் இதே கோரிக்கையைத் தொடர்ந்து எழுப்பியவர். அக்குழு 1947 இல் அறிக்கை அளித்தது. அதைப் பார்க்கச் சிவசாமி ஐயர் இல்லை. 1946 நவம்பர் 5 அன்று சென்னையில் தமது 82 ஆம் வயதில் காலமானார்.

குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி 1948 இல் தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறி, ஜூலை 15 அன்று அப்படை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு பெண்கள் பிரிவு சேர்க்கப்பட்டது. சீனப் போரையடுத்து 1963 இல் கல்லூரி மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டு, 1968 இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. கட்டாயத்தால் எண்ணிக்கை பெருகியதே தவிரத் தரம் பெருகவில்லை என்பது பொதுவான கருத்து.

சென்னையின் தென்பகுதியில் இதன் தொடர்ச்சியை நேரில் காணலாம். வண்டலூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே சென்றால், தாம்பரத்தைக் கடந்து பரங்கிமலை வரும். 1963 இல் அங்கு அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. 1988 இல் அது அதிகாரிகள் பயிற்சிக் கழகம் ஆனது. 1992 முதல் பெண்களும் இங்கு அதிகாரிகளாகப் பயிற்சி பெறுகின்றனர். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் பயின்று 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகளுக்கு இக்கழகத்தில் சேரத் தனி வழி உண்டு. உரிய மதிப்பெண் தகுதியுடையோர் எழுத்துத் தேர்வு இன்றி நேரடியாகப் படைப்பணித் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு அழைக்கப்படுகின்றனர். 1917 இல் பல்கலைக்கழகப் படையில் சேர்ந்த சென்னை மாணவருக்கு இல்லாத வழி இதுவே.

சிவசாமி ஐயரின் பேச்சுகளும் எழுத்துகளும் வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியால் தொகுக்கப்பட்டு 1965 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன.