தூத்துக்குடிக்குத் தாமிரபரணியைக் கொண்டுபோனவர்: ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ல போயிருக்கீங்களா? அப்போ வல்லநாட்டைப் பார்த்திருப்பீங்க. வெளிமான் சரணாலயம் இருக்கிற ஊர்னு சொன்னா உடனே ஞாபகம் வரும். தூத்துக்குடி வீடுகள்ல இன்னைக்குக் குழாயைத் திறந்தா வர்ற தண்ணிக்கும் அந்த ஊருக்கும் கிட்டத்தட்ட நூறு வருஷ உறவு. அந்த உறவை ஏற்படுத்தினவர்தான் குரூஸ் பர்னாந்து. தூத்துக்குடிக்காரங்க அவரை நகரத்தின் தந்தைன்னு சொல்லுவாங்க. சிலையும் உண்டு, 2023-ல் திறந்த மணிமண்டபமும் உண்டு. ஆனா நம்ம காலேஜ்ல எத்தனை பேருக்கு அவர் கதை தெரியும்?

கடலோரத்தில் ஒரு தாகம்

குரூஸ் பர்னாந்து பிறந்தது 1869 நவம்பர் 15. ஊர் தூத்துக்குடி. அந்த ஊருக்கு நகராட்சி வந்தே அப்போ மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. அவருக்கு ஏழு வயசு ஆகுறதுக்குள்ள ரயில் வந்துடுச்சு. பஞ்சாலை வந்தது, கொழும்புக்குக் கப்பல் போக்குவரத்து பெருகுச்சு. முத்து, உப்பு, பருத்தின்னு பணம் புரள ஆரம்பிச்ச ஊர். வேலை தேடி ஜனம் வந்து குவிஞ்சுது.

வந்தவங்க குடிக்கத் தண்ணிக்கு எங்க போவாங்க? ஒரு பக்கம் கடல். கிணறு தோண்டினா உப்பு. மழையோ தமிழ்நாட்டிலேயே குறைவா பெய்யுற பகுதிகள்ல ஒண்ணு. காசு இருக்கிறவங்க நல்ல தண்ணியை விலைக்கு வாங்கினாங்க. இல்லாதவங்க கிடைச்சதைக் குடிச்சாங்க. காலரா ஊர் ஊரா வந்துபோன காலம் அது. தண்ணி கிடைக்கலைங்கிறது உயிர்ப் பிரச்சினை.

நகராட்சி நாற்காலி

1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினதும், 1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தத்துக்குப் பின்னாடி அவர் ஜெயிலுக்குப் போனதும் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். அந்தக் கொந்தளிப்பு அடங்கின அடுத்த வருஷம், 1909-ல், குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவர் ஆனார். மொத்தம் ஐந்து முறை அந்தப் பொறுப்புல இருந்தார். அவர் விடாம பிடிச்ச விஷயம் தண்ணி. வறட்சியில ரயில்ல தண்ணி கொண்டுவந்து ஊருக்குக் கொடுத்த நாளும் உண்டு. ஆனா ரயில் தண்ணி அன்னன்னைக்குத்தான் ஆகும். நிரந்தரமா வேணும்னா ஆத்துக்குத்தான் போகணும்.

ஆறு தாமிரபரணி. பொதிகையில பிறந்து புன்னக்காயல்ல கடல் சேருது. தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழையும் தண்ணி கொடுக்கிறதால வத்தாத ஆறுன்னு பேர். தூத்துக்குடிக்காக எங்கே எடுக்கலாம்? கடல் பக்கம் போகப் போக உப்பு ஏறும் அபாயம். மேல போகப் போக குழாய் நீளமாகும், செலவு கூடும். முடிவான இடம் வல்லநாடு. அங்கிருந்து ஊர் வரைக்கும் குழாய். ஒரு சின்ன நகராட்சிக்கு இது எவ்வளவு பெரிய வேலைன்னு சிவில் படிக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். பணம், அனுமதி, அரசாங்கத்தோட கடிதப் போக்குவரத்துன்னு வருஷக்கணக்கா இழுத்தது. 1927-ல் தண்ணி வந்தது. மூணே வருஷத்துல, 1930-ல், அவர் இறந்துட்டார்.

திட்டம் வெற்றியா? எப்படிச் சொல்றது?

இங்கதான் நம்மள மாதிரி ஆளுங்க கொஞ்சம் நிக்கணும். 1927-ல் கேள்வி எளிமையானது: நல்ல தண்ணி ஊருக்கு வந்துச்சா? வந்துச்சு. அதனால வெற்றி. ஆனா குடிநீர்த் திட்டத்துக்குத் திறப்பு விழா அன்னைக்குப் போடுற மார்க் போதாது.

லண்டன்ல 1854-ல் ஜான் ஸ்நோ-ங்கிற டாக்டர் இதைக் கணக்கு போட்டே காட்டினார். ஒரே பகுதியில ரெண்டு கம்பெனி தண்ணி விட்டுச்சு. ஒண்ணு தேம்ஸ் ஆத்துல ஊர்ச் சாக்கடை கலக்கிற இடத்திலேயே எடுத்தது. இன்னொண்ணு எடுக்கிற இடத்தை ஊருக்கு மேல மாத்திக்கிட்டது. காலராவில் முதல் கம்பெனித் தண்ணி போன 10,000 வீட்டுக்கு 315 சாவு. ரெண்டாவதுக்கு 37. ரெண்டுமே குழாய்த் தண்ணிதான். வித்தியாசம், ஆத்துல எந்த இடத்திலிருந்து எடுத்தாங்கங்கிறதுதான்.

இப்போ மேப்பைத் திறந்து வல்லநாட்டைப் பாருங்க. அது திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் கீழே இருக்கு. குரூஸ் பர்னாந்து காலத்துல அதுக்கு மேல இருந்தது வயலும் நடுத்தர ஊர்களும். இன்னைக்கு ஒரு மாநகராட்சியே இருக்கு. அதோட கழிவுநீர் ஆத்துல கலக்குதுன்னு மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரைக்கும் வழக்கு போயிருக்கு. அவர் போட்ட கணக்கு தப்பில்லை. கணக்குல இருந்த ஆறு மாறிடுச்சு. அதே வல்லநாட்டிலிருந்து நாலாவது பைப்லைன் வரைக்கும் போட்டாச்சு. அளவு கூடிச்சு. பாதுகாப்பு கூடிச்சாங்கிறது தனிக் கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் 2004-ல் கொடுத்த வழிகாட்டுதல், நீர்ப் பாதுகாப்புத் திட்டம்னு ஒரு முறையைச் சொல்லுது. ஆத்துலேருந்து குடம் வரைக்கும் ஒவ்வொரு படியிலும் எங்கே கெடலாம், அதை எது தடுக்குது, அந்தத் தடுப்பு வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்னு கேட்டுக்கிட்டே போகணும். நம்ம ஆத்துக்கு அதைப் போட்டுப் பாருங்க:

ஆறு: மேல எந்த ஓடை வழியா கழிவு வருது? மணல் அள்ளினதுல உறைகிணத்துக்கு வடிகட்டியா இருந்த மணல் எவ்வளவு மிஞ்சியிருக்கு?

சுத்திகரிப்பு: ஆறு கலங்கி ஓடும்போது குளோரின் அளவை மாத்துறாங்களா?

குழாய்: எப்பவும் தண்ணி ஓடுற குழாய்க்குள்ள வெளி அழுக்கு வராது, உள்ளழுத்தம் தடுக்கும். ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விட்டா, காலியா கிடக்கிற நேரத்துல கசிவு வழியா சாக்கடை உள்ள புகும்.

வீடு: கடைசித் தெருவுல குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கா? 100 மில்லி தண்ணியில ஈ.கோலை ஒண்ணு கூட இருக்கக் கூடாது. இது ரெண்டும் இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 சொல்றது.

2023 டிசம்பர் வெள்ளத்துல இந்த ஆத்துக் குடிநீர்த் திட்டங்கள் பலது சேதமாகி, ஆறு நிறைய தண்ணி போகும்போது ஊர் குடிக்கத் தண்ணி இல்லாம தவிச்சதைப் பார்த்தோம். காகிதத்துல இருக்கிற திட்டம் நல்லதா கெட்டதான்னு அந்த மாதிரி வாரத்துலதான் தெரியும்.

குரூஸ் பர்னாந்து இன்ஜினியர் இல்லை. ஊர்ல கடைசி ஆளுக்கும் நல்ல தண்ணி போகணும்னு இருபது வருஷம் கிட்ட விடாம நின்ன நகராட்சித் தலைவர். மிச்ச வேலை நம்ம துறையோடது. பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர்கிட்ட இருக்கிற குளோரின் கிட்ல சில துளி மருந்து விட்டா ஒரு நிமிஷத்துல மஞ்சள் நிறம் வருதா இல்லையான்னு தெரிஞ்சுடும். உங்க ஹாஸ்டல்ல, உங்க தெருவுல, குழாயோட கடைசி முனையில போய் ஒருக்கா பாருங்க. மஞ்சள் வரலைன்னா கேள்வியை எழுதி, தேதி போட்டு, உள்ளாட்சி அலுவலகத்துல கொடுங்க. அவரோட வேலையும் அப்படித்தான், ஒரு கேள்வியில ஆரம்பிச்சது.