மெச்னிகோவ்: குடல் நுண்ணுயிரிகளை ஆராய்ந்த முன்னோடி

இலியா மெச்னிகோவ் 1845-ஆம் ஆண்டு, இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகருக்கு அருகில் பிறந்தார். விலங்கியல் அறிஞரான அவர், 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளவுயிரியினுள் சிறு முள்ளைச் செருகி நுண்ணோக்கியில் கவனித்தார். நகரும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்துகொண்டன. கிருமிகளை விழுங்கி அழிக்கும் இத்தகைய உயிரணுக்களே உடலின் காவலர்கள் என்றும், அழற்சி என்பது ஒரு தற்காப்புச் செயல் என்றும் அவர் விளக்கினார். இதற்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குடலை நோக்கி

1888 முதல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய மெச்னிகோவ், பிற்காலத்தில் முதுமையை ஆராய்ந்தார். பெருங்குடலில் தேங்கும் கழிவைப் பாக்டீரியாக்கள் அழுகச் செய்வதால் உண்டாகும் நஞ்சே முதுமையை விரைவுபடுத்துகிறது எனக் கருதினார். புளித்த பால் அதனைத் தடுக்கும் என்று நம்பித் தாமும் நாள்தோறும் அருந்தினார். இக்கருத்தின் தாக்கத்தால் லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கல் உற்றோரின் பெருங்குடலையே அகற்றினார். நோயாளிகள் பலர் இதனால் துன்புற்றனர். குடல் நஞ்சுக் கோட்பாடு பின்னர் கைவிடப்பட்டது. மெச்னிகோவ் 1916-இல் இதய நோயால் காலமானார்.

இன்றைய அறிவு

ஆயினும் குடலில் உள்ளவற்றை அவர் ஐயுற்றது வீண்போகவில்லை. கிரோன் நோயில் சிறுகுடலின் பாதிக்கப்பட்ட பகுதியை அகற்றிய பின், குடல் உள்ளடக்கம் இணைப்பிடத்தின் வழியே செல்லாதவாறு திருப்பிவிட்டால் அங்கு அழற்சி தோன்றுவதில்லை. மீண்டும் செல்லவிட்டால் அழற்சி திரும்புகிறது. 1990-களில் பெல்ஜிய மருத்துவர்கள் இதனைக் காட்டினர். குடல் அழற்சி நோயாளிகளிடம் நன்மை செய்யும் பாக்டீரியா வகைகள் குறைந்திருப்பதும் அறியப்பட்டுள்ளது. மரபணு, சூழல் ஆகியவற்றின் தூண்டுதலால், காக்க வேண்டிய உயிரணுக்கள் குடல்வாழ் பாக்டீரியாக்களுக்கு எதிராக அளவுமீறிச் செயற்படுகின்றன. மெச்னிகோவ் தனித்தனியே ஆராய்ந்த இரண்டும் இந்நோயில் ஒன்று சேர்கின்றன.

கவனத்திற்கு

தயிரும் மோரும் நல்ல உணவுகள். குடல் அழற்சி நோய்க்கு மருந்தாகா. அறிகுறிகள் தணிந்துவிட்டன என்று எண்ணி, பரிந்துரைத்த மருந்துகளைத் தாமாக நிறுத்தலாகாது. மலத்தில் இரத்தம், நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, காரணமற்ற எடைக்குறைவு ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் தாமதமின்றி அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும்.