சுப்பாராவுக்கு வழிகாட்டியவர்கள்: ஆய்வுக்குத் தயாராகும் மலையக மருத்துவ மாணவர்களுக்கு

ஹட்டனிலோ டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்டத்துக் கிளினிக்குக்குப் போய்ப் பாருங்கள். காலையில் கொழுந்து எடுத்துவிட்டு இறங்கி வந்த கர்ப்பிணித் தாயின் கையில் குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு வகை மாத்திரைகளைக் கொடுப்பார். ஒன்று இரும்புச்சத்து. மற்றது சிறிய போலிக் அமில மாத்திரை. கருவிலிருக்கும் பிள்ளையின் முள்ளந்தண்டு சரியாக உருவாகவும் தாய்க்கு இரத்தம் குறையாமல் இருக்கவும் அது வேண்டும்.

அந்த மாத்திரையை உலகத்துக்கு ஆக்கிக் கொடுத்த குழுவின் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர். பெயர் எல்லப்ரகட சுப்பாராவ். அவரது வாழ்க்கையை ஏழைப் பிள்ளை ஒருவர் முயன்று முன்னேறிய கதையாகவே பலரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த வாழ்க்கையை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் அவருக்கு மேலே ஒருவர் இருந்தார். ஒருவர் கதவைத் திறந்தார், இன்னொருவர் அடைத்தார், மற்றொருவர் பாதி திறந்துவிட்டு நின்றுகொண்டார். லயன் வீட்டிலிருந்து மருத்துவ பீடத்துக்குப் போய், அங்கே முதல் ஆய்வுத் திட்டத்துக்கு ஒரு மேற்பார்வையாளரைத் தேடும் எமது பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் திகதி அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். தந்தை வருமானத் துறையில் வேலை செய்து, நோயினால் நேரத்தோடு ஓய்வு பெற்றவர். வீட்டில் வறுமை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டு ஓடியவரைத் தாய் திருப்பிக் கொண்டுவந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாவது தடவைதான் சித்தியடைந்தார். பின்னர் துறவியாகி ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். மருத்துவம் படித்தால் மக்களுக்குச் சேவை செய்யலாம் என்று அவரைத் திருப்பிவிட்டார்கள். நண்பர்களும், பின்னாளில் அவருக்கு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் செலவைத் தாங்கினார்கள்.

கல்லூரியில்தான் முதலாவது கதவு அடைபட்டது. அது காந்தியின் அழைப்பை ஏற்று இளைஞர்கள் அந்நியத் துணியை ஒதுக்கிய காலம். சுப்பாராவ் சத்திரசிகிச்சை அறைக்குக் கதர் அங்கி அணிந்து போனார். சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகச் செய்திருந்தும் அவருக்குக் கிடைத்தது முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அல்ல, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ். அரசாங்க மருத்துவ சேவையிலும் இடம் கிடைக்கவில்லை. ஓர் ஆசிரியரின் மனக்கசப்பு ஒரு மாணவரின் பாதையையே மாற்றியது.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் ஆயுர்வேத வைத்தியர் ஆசந்த லட்சுமிபதி. அவரது ஆயுர்வேதக் கல்லூரியில் சுப்பாராவ் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார். இதற்கிடையே அவரது சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், இரத்தம் வற்றி ஆள் உருகிப்போகும் நோய் அது. அதே நோய் தன்னையும் தாக்க, லட்சுமிபதியின் வைத்தியத்தால் பிழைத்தார். இந்த நோய்க்கு ஏன் மருந்தில்லை என்ற கேள்வி அவருக்குள் அப்போதே விழுந்துவிட்டது. அவரது முதல் ஆய்வுக் கேள்வி வீட்டு மரணத்திலிருந்துதான் வந்தது.

மாமனாரின் உதவியோடும் காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியோடும், 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குப் போனார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். புலமைப்பரிசில் இல்லை. இரவில் வைத்தியசாலையில் நோயாளரின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை செய்தார். ஊரில் வைத்தியராக மதிக்கப்பட வேண்டியவர் அங்கே கூலியாளாக நின்றார். மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் புத்தகம் வாங்கவும் சாப்பாட்டுக்கும் கொழுந்துச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து அனுப்பும் தாய்மாருக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

டிப்ளோமா முடிந்ததும் ஹார்வர்டின் உயிர்இரசாயனத் துறையில் சைரஸ் ஃபிஸ்கே என்ற ஆய்வாளரிடம் சேர்ந்தார். ஃபிஸ்கே அவருக்குப் பெரிய தலைப்பு எதையும் கொடுக்கவில்லை. இரத்தத்திலும் சிறுநீரிலும் பொஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று எளிதாக அளக்கும் முறை ஒன்று வேண்டும் என்பதே கேள்வி. சேர்க்கும் இரசாயனத்தால் தோன்றும் நீல நிறத்தின் ஆழத்தைப் பார்த்து அளவு சொல்லும் முறையை இருவரும் செம்மைப்படுத்தி 1925இல் வெளியிட்டார்கள். உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட அறிவியல் கட்டுரைகளில் அதுவும் ஒன்று. ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை என்று இருவர் பெயரையும் சேர்த்தே அது அழைக்கப்படுகிறது.

அந்தச் சிறிய முறையே பெரிய வாசலைத் திறந்தது. அதே அளவுகோலோடு தசையை ஆராய்ந்தபோது 1927இல் பொஸ்போகிரியேட்டினைக் கண்டார்கள். 1929இல் ஏ.டி.பி. என்று இன்று உயர்தர மாணவரும் படிக்கும் பொருளைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைத் தனியாகக் கண்டிருந்தார். தசை எங்கிருந்து சக்தி பெறுகிறது என்ற பழைய விளக்கம் இதனால் மாறியது. 1930இல் சுப்பாராவ் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

நல்ல மேற்பார்வையாளர் செய்யும் முதல் வேலையை இங்கே காணலாம். மாணவர் கொண்டுவரும் பெரிய ஆசையைக் கைக்கு அடங்கும் ஒரு கேள்வியாகச் சுருக்கிக் கொடுப்பது அது. தோட்டப்புறத்தில் இரத்தசோகை என்று எழுதிக்கொண்டு போகும் மாணவரிடம், கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தாய்மார் எதோடு விழுங்குகிறார்கள் என்று முதலில் கேட்டு வா என்று சொல்பவரே வழிகாட்டி. சாயத்தண்ணியிலுள்ள தனின்கள் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பது அறிந்த விடயம். தேயிலை மலையில் அதைக் கேட்டு எண்ணிப் பார்ப்பது ஒரு மாணவர் சில மாதங்களில் செய்து முடிக்கக்கூடிய வேலை. அதன் விடை அடுத்த நாளே ஒரு தாய்க்குப் பயன்படவும் கூடும்.

ஆனால் ஃபிஸ்கேயின் கதை அத்தோடு முடியவில்லை. பிற்பட்ட ஆண்டுகளில் சுப்பாராவ் செய்த பல வேலைகள் அச்சுக்கு வரவில்லை. ஃபிஸ்கேயின் மாணவராக அதே ஆய்வுகூடத்தில் இருந்தவர் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ். பின்னர் 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்கிளியோடைட்டுகளைப் பல ஆண்டுகள் கழித்து வேறு ஆட்கள் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், ஃபிஸ்கே அவற்றை வெளிவர விடாததே அதற்குக் காரணம் என்றும், அதன் பின்னால் பொறாமை இருந்ததாகவே தெரிந்தது என்றும் ஹிச்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். முதல் கட்டுரைகளில் மாணவரின் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் போட்ட அதே மனிதர்தான் இவர். ஒரே வழிகாட்டி ஒரு காலத்தில் கைதூக்கி விடுபவராகவும் இன்னொரு காலத்தில் தடையாகவும் இருக்கலாம். ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை.

எமது மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. பேராசிரியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். கட்டுரை வெளிவந்த பிறகு தன் பெயர் அதில் இல்லை என்று தெரிந்தாலும் பேசமாட்டார்கள். மரியாதையாகக் கேட்பதில் எந்தக் குற்றமும் இல்லை. ஒருவரைத் தேர்ந்தெடுக்குமுன் அவரிடம் ஏற்கனவே வேலை செய்த மூத்த மாணவர்களைச் சந்தியுங்கள். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் திருத்தித் தந்தார், மாணவர் பெயர் கட்டுரையில் வந்ததா என்று விசாரியுங்கள். முதல் சந்திப்பிலேயே யார் எதைச் செய்வது, எப்போது சந்திப்பது, ஆசிரியர் பெயர் வரிசை என்ன என்று பேசி, அன்றைக்கே ஒரு சிறு மின்னஞ்சலாக அனுப்பிவையுங்கள்.

இதற்கு உலகம் ஏற்ற விதியும் இருக்கிறது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது. ஆய்வைத் திட்டமிடுவதில் அல்லது தரவு சேகரித்து ஆராய்வதில் கணிசமான பங்கு இருக்க வேண்டும். எழுதுவதில் அல்லது கருத்தோடு திருத்துவதில் பங்கு இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். வேலைக்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கையும் நிறைவு செய்தவரே ஆசிரியர். பதவியினால் மட்டும் ஒருவர் ஆசிரியராக முடியாது. மழையில் மலையேறித் தரவு சேகரித்த மாணவரை எழுதுவதிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டு, நான்கும் நிறைவேறவில்லை என்று பெயரை வெட்டுவதும் முறையல்ல.

1940இல் சுப்பாராவ் நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வுகூடத்துக்குப் போனார். விரைவில் ஆய்வுப் பணிப்பாளரானார். இப்போது அவரே மேலே இருப்பவர். தனக்கு நடந்ததைப் பிறருக்கும் செய்யும் ஆட்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். சுப்பாராவ் அப்படிச் செய்யவில்லை. இளைய ஆய்வாளர்களை முன்னே விட்டு, தன் பெயரைப் பின்னே வைத்துக்கொண்டார்.

1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர், ஏழைக் கர்ப்பிணிகளின் ஒருவகை இரத்தசோகை மார்மைட் கொடுத்தால் குணமாவதைக் கண்டிருந்தார். எமது வீடுகளில் பாணில் பூசும் அதே மார்மைட்தான். அதற்குள் இருக்கும் பொருள் என்னவென்று அப்போது தெரியாது. இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பின்னர் போலிக் அமிலம் என்று பெயர் பெற்ற அந்தப் பொருளின் அமைப்பை அறிந்து, அதை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டியது சுப்பாராவின் குழு. 1946இல் வெளியான அந்தக் கட்டுரையில் 16 பேரின் பெயர்கள் இருக்கின்றன. பணிப்பாளரின் பெயர் முதலாவது அல்ல, ஏழாவது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோயின் இரத்தசோகைக்கும் அந்த மருந்து பயன்பட்டது.

அதே குழு உருவாக்கிய அமினொப்டெரினைக் கொண்டுதான் பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலாகத் தற்காலிகமாகவேனும் பின்வாங்கச் செய்து 1948இல் அறிவித்தார். எழுபது வயது கடந்து ஓய்வுபெற்றிருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டகருக்கு லெடர்லேயில் இடம் கிடைத்தது. அவர் ஓரியோமைசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைக் கண்டார். யானைக்கால் நோய்க்கான டி.ஈ.சி. மருந்தும் அங்கிருந்தே வந்தது. இலங்கை மக்களுக்கு அம்மருந்து பெருமளவில் கொடுக்கப்பட்டது. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் எமது நாட்டை அங்கீகரித்தது.

1948 ஓகஸ்ட் மாதத்தில், 53 வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே இறந்துபோனார். போன நாளிலிருந்து ஊருக்குத் திரும்பவே இல்லை. மனைவியை மறுபடி பார்க்கவுமில்லை. லெடர்லேயில் இருந்த ஓர் ஆய்வாளர் ஒரு பூஞ்சணத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். பிறந்து நூறாண்டான 1995இல் இந்திய அரசு முத்திரை வெளியிட்டது.

மலையகத்தில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. மேற்பார்வையாளருக்கும் மாணவருக்கும் இடையிலுள்ள அதே மேல் கீழ் உறவு, மாணவருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் இடையிலும் இருக்கிறது. தோட்டத் துரை அனுமதித்தார் என்பது அந்தத் தாயின் சம்மதம் ஆகாது. பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியைப் பெற்று, அவர் பேசும் தமிழிலேயே விளக்கி, மறுத்தாலும் கிளினிக்கில் எந்தக் குறையும் வராது என்று சொன்ன பிறகுதான் கேள்வித்தாளை எடுக்க வேண்டும். விடை கிடைத்ததும் திரும்பப் போய் அவரிடமும் சொல்ல வேண்டும். கொழுந்துக்கு நிறை போடுவதைப் போலத் தன்னையும் எண்ணிவிட்டுப் போய்விட்டார்கள் என்று அவர் நினைக்கக் கூடாது.

நாளைக்கு நீங்களும் வைத்தியராகி, விரிவுரையாளராகி, ஒரு மாணவருக்கு மேலே இருப்பீர்கள். அந்தப் பிள்ளை தரவுப் புத்தகத்தோடு உங்கள் அறை வாசலில் வந்து நிற்கும்போது, 16 பேரில் ஏழாவதாகத் தன் பெயரை வைத்துக்கொண்ட மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.