தேடப்பட்ட முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பழமொழியோடு மல்லுக்கட்டும் வயது எனக்கு இல்லைதான். ஆனாலும் பீற்றர் லோரே என்ற நடிகரின் வாழ்க்கையைப் படித்த பின்னர், அதை முன்போல் எளிதாகச் சொல்ல என்னால் முடியவில்லை. பெரிய உருண்டைக் கண்களும், குழந்தைக்கு உள்ளதைப் போன்ற கன்னங்களும், மெல்லிய குரலும் கொண்ட மனிதர் அவர். அந்த முகத்தில் ஆளாளுக்குத் தாங்கள் காண விரும்பியதையே கண்டார்கள்.

அவருடைய இயற்பெயர் லாஸ்லோ லோவென்ஸ்டைன். 1904 ஜூன் 26 ஆம் திகதி, அன்றைய ஒஸ்திரிய ஹங்கேரிப் பேரரசிலே, இன்று சுலோவாக்கியாவில் இருக்கும் ஒரு சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். வியன்னாவில் வளர்ந்து, வங்கியொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். மனம் மேடையில் இருந்தவருக்கு அந்த வேலை ஒட்டவில்லை. எழுதிய பிரதி எதுவுமின்றி மேடையிலேயே புனைந்து நடிக்கும் அரங்கொன்றை யாக்கோப் மொரேனோ என்ற மருத்துவர் அந்த நகரில் நடத்தி வந்தார். நாடகத்தை மனநோய்க்கு மருந்தாக்கும் முறைக்குப் பின்னாளில் வித்திட்டவரும் அவரே. அங்குதான் லாஸ்லோ, பீற்றர் லோரே ஆனார்.

பிறகு பல ஊர் மேடைகளில் நடித்து பேர்லினை அடைந்தார். நாடகமும் அரங்கியலும் படிக்கும் எங்களுக்கு பேர்ட்டோல்ட் பிரெக்ட் புதியவரல்லர். சிங்கள மேடையில் ‘ஹுணுவட்டயே கதாவ’ என்று புகழ்பெற்ற நாடகத்தின் மூலத்தை எழுதியவர் அவர். அந்த பிரெக்ட், 1931 இல் தம்முடைய ‘மனிதன் மனிதனே’ நாடகத்தில் லோரேயை நடிக்க வைத்தார். சாதாரண சுமைதூக்கி ஒருவனைப் பிறர் சேர்ந்து, அவன் பெயரையும் அடையாளத்தையும் கழற்றிவிட்டுப் படைவீரனாக்கும் கதை அது. லோரேயின் சொந்த வாழ்க்கையை யாரோ முன்கூட்டியே எழுதிவிட்டதைப் போல எனக்குத் தோன்றியது.

அதே ஆண்டு மே மாதம் 11 ஆம் திகதி ‘எம்’ திரைக்கு வந்தது. பிரிட்ஸ் லாங் இயக்கிய முதலாவது பேசும் படம் அது. அவரும் அவருடைய மனைவி தேயா ஃபொன் ஹார்பூவும் கதையை எழுதினார்கள். டூசல்டோர்ஃப் நகரத்தை நடுங்க வைத்த தொடர்கொலைகளின் பீதி ஜேர்மனியில் இன்னும் அடங்காத காலம். படத்திலும் சிறுமிகள் காணாமற்போகிறார்கள். ஆனால் கொலை ஒன்றுகூடக் காட்டப்படுவதில்லை. உருண்டு வந்து நிற்கும் ஒரு பந்து, கம்பிகளில் சிக்கிய பலூன், வராத பிள்ளைக்காக மேசையில் வைத்த வெறும் பீங்கான். அவ்வளவுதான். என்னோடு இருந்து பார்த்த உம்மா அந்தப் பீங்கானைக் கண்டதும் எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

பொலிஸார் நகரத்தைச் சல்லடை போட்டுத் தேடுகிறார்கள். இந்தக் கெடுபிடியால் தொழில் கெட்டுப்போன திருடர்களும், கொலையாளியைத் தாங்களே பிடிக்கப் புறப்பட்டு, தெருத்தெருவாகப் பிச்சைக்காரர்களைக் காவல் வைக்கிறார்கள். கடைசியில் அவனை அடையாளம் காண்பவர் கண் பார்வையற்ற பலூன் வியாபாரி! கொலையாளி வழக்கமாக ஊதும் சீழ்க்கை இராகம் அவர் காதில் விழுந்துவிடுகிறது. (லோரேக்குச் சீழ்க்கை அடிக்க வராது. படத்தில் கேட்பது வேறொருவருடையது.) உடனே ஓர் இளைஞன், ஜேர்மன் மொழியில் கொலைகாரன் என்ற சொல்லின் முதலெழுத்தை வெண்கட்டியால் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, தற்செயலாக மோதியவனைப் போல அவன் தோளில் பதித்துவிட்டுப் போகிறான். சற்று நேரத்தின் பின் அவன் கண்ணாடியில் திரும்பிப் பார்க்கிறான். தன் முதுகிலுள்ள எழுத்தைக் காணும்போது அந்தக் கண்கள் விரிவதை நான் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன்.

இறுதியில் கைவிடப்பட்ட சாராய ஆலையொன்றில் திருடர்கள் நீதிமன்றம் நடத்துகிறார்கள். அதுவரை அதிகம் பேசாதிருந்த லோரே முழங்காலில் விழுந்து, தன்னிடமிருந்தே தன்னால் தப்பியோட முடியவில்லை என்று கதறுகிறார். கூட்டம் சிரிக்கிறது. அதற்குள் திரும்பி வந்திருந்த உம்மா, இவனுக்கு இரங்குவது அந்தப் பிள்ளையின் தாய்க்குச் செய்யும் அநியாயம் என்றார். அது பிழை என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பும் எனக்குப் பயமாகவே இருந்தது.

ஒரே படத்தில் லோரே உலகப் புகழ் பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்குள், 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதரான அவர் ஜேர்மனியை விட்டு வெளியேறினார். லாங்கும் வெளியேறினார், தேயா ஃபொன் ஹார்பூ அங்கேயே தங்கி நாஸிக் கட்சியில் சேர்ந்தார். மறு ஆண்டு ‘எம்’ தடை செய்யப்பட்டது. ஆனால் தடை செய்தவர்களே அதை மறக்கவில்லை. 1940 இல் யூதர்களை இழிவுபடுத்துவதற்காக பிரிட்ஸ் ஹிப்லர் எடுத்த ‘நித்திய யூதன்’ என்ற பிரசாரப் படத்தில், லோரே கதறும் அதே காட்சியை வெட்டி ஒட்டினார்கள். படத்தில் அந்தக் கொலையாளி யூதன் என்று எங்கும் சொல்லப்படவில்லை. நடித்தவர் யூதர் என்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. ஒரு நடிகரின் திறமையை ஒரு சமூகத்துக்கே எதிரான சாட்சியாக்கிவிட்டார்கள். வெண்கட்டி எழுத்தையாவது துடைத்துவிடலாம், முகத்தை எதைக் கொண்டு துடைப்பது?

லோரே அப்போது கடல் கடந்து போயிருந்தார். வழியில் இலண்டனில் ஹிட்ச்கொக்கின் படமொன்றில், ஆங்கிலம் சரியாகத் தெரியாமலே வசனங்களை மனனம் செய்து நடித்துப் பாராட்டுப் பெற்றார். ஹொலிவூட்டிலும் அந்த முகம் அவருக்கு முன்னே போய் நின்றது. கொலைகாரன், பைத்தியக்கார வைத்தியர், ஒற்றன் என்றே வேடங்கள் வந்தன. 1937 முதல் 1939 வரை எட்டுப் படங்களில் மோட்டோ என்ற ஜப்பானியத் துப்பறிவாளராகவும் நடிக்க வைத்தார்கள். வெளிநாட்டுச் சாயல் இருந்தால் எந்த நாட்டவராகவும் ஆக்கலாம் என்பது அன்றைய ஹொலிவூட்டின் கணக்கு. எனக்கு அது ரசிக்கவில்லை. ‘கஸபிளாங்கா’வில் அவர் வருவது சில நிமிடங்களே, அதிலும் பொலிஸார் துரத்த, காப்பாற்றும்படி மன்றாடிக்கொண்டே பிடிபடுகிறார்.

நோய்க்கு எடுத்த மோர்பின் பழக்கமாகிப் பல ஆண்டுகள் அவரை அலைக்கழித்தது. கடனும் சேர்ந்தது. யுத்தம் முடிந்த பின் ஜேர்மனிக்குத் திரும்பி, 1951 இல் ‘தொலைந்தவன்’ என்ற படத்தைத் தாமே இயக்கி நடித்தார். யுத்தகாலத்தில் தன் காதலியைக் கொன்ற ஒரு விஞ்ஞானியின் கதை அது. அவனுடைய ஆராய்ச்சி தேவைப்பட்டதால் நாஸி அரசு கொலையை மூடி மறைத்துவிடுகிறது. ‘எம்’ படத்தில் ஊரே கொலையாளியைத் தேடியது. இங்கே தேடுவார் யாருமில்லை. குற்றவாளி தானே தன்னைத் தண்டிக்க வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால், லோரே தம் முகத்தைத் திருடியவர்களுக்குக் கொடுத்த பதில் இதுதான். நாட்டை இடிபாடுகளிலிருந்து கட்டிக்கொண்டிருந்த மக்கள் அந்தப் பதிலைக் கேட்க விரும்பவில்லை. படம் தோல்வியடைந்தது.

மீண்டும் அமெரிக்கா சென்று கிடைத்த வேடங்களில் நடித்தார். ஜூல்ஸ் வேர்ணின் ஆழ்கடல் கதையிலும் வருகிறார். கடைசிக் காலத்துப் பேய்ப் படங்களில் தம் பழைய பயங்கரத்தைத் தாமே கேலி செய்து சிரிக்க வைத்தார். கார்ட்டூன்களில்கூட அவருடைய கண்களையும் குரலையும் போலச் செய்தார்கள்.

1964 மார்ச் 23 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பக்கவாதத்தால் காலமானார். வயது 59. அவரோடு பேய்ப் படங்களில் நடித்த வின்சென்ற் பிரைஸ் இறுதிச் சடங்கில் உரையாற்றினார். ‘தொலைந்தவன்’ தவிர வேறு படம் எதையும் அவர் இயக்கவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள்.