87 பேரில் தொடங்கி 5 லட்சம் பேர் வரை: கலப்பட ஒயினுக்கு எதிராக நின்ற மார்சலின் அல்பேர்

1907 மார்ச் 11. தெற்கு பிரான்ஸின் ஆர்ஜெலியே கிராமத்திலிருந்து 87 திராட்சை விவசாயிகள் நார்பான் நகரத்துக்குக் கிளம்பினார்கள். அங்கே வந்திருந்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சுமார் மூன்று மாதத்தில், ஜூன் 9-ம் தேதி, மோன்பெலியே நகரில் கூடியவர்கள் 5 லட்சத்துக்கும் மேல் என்கிறது மதிப்பீடு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் முன்னால் நின்றவர் மார்சலின் அல்பேர்.

யார் இவர்?

1851-ல் ஆர்ஜெலியேவில் பிறந்தவர். கொஞ்சம் திராட்சைத் தோட்டம், கூடவே ஒரு கஃபே. பெரிய பதவியோ பின்புலமோ கிடையாது.

என்னதான் பிரச்சினை?

அவருடைய லாங்டாக் பகுதி மத்தியதரைக் கடலை ஒட்டியது. கோடையில் மழை குறைவு, சுள்ளென்ற வெயில். திராட்சைக்கு அது தோதான சீதோஷ்ணம். ஆனால் 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி வேர்களைத் தாக்கித் தோட்டங்களை அழித்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடிகளின் வேர்ப்பகுதியில் உள்ளூர் ரகங்களை ஒட்டுக்கட்டித்தான் விவசாயிகள் மீண்டார்கள். அராமோன் போன்ற அதிக மகசூல் ரகங்களால் சாதாரண ஒயின் குவிந்தது. அல்ஜீரியாவிலிருந்தும் வந்து இறங்கியது.

இது போதாதென்று, தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்து ஒயினைப் பெருக்கி விற்றார்கள். 1903-ல் சர்க்கரை வரி குறைந்ததும் இந்த வேலை இன்னும் மலிவானது. விலை சரிந்தது, தோட்டக்காரரோடு கூலித் தொழிலாளியும் சேர்ந்து விழுந்தார்.

ஞாயிறுதோறும் ஒரு ஊர்

அல்பேர் கேட்டது ஒன்றுதான்: கலப்படத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஊரில் கூட்டம். மே 12-ல் பெஸியேவில் மட்டும் சுமார் 1.5 லட்சம் பேர். அரசு அசையாததால் வரி கட்ட மறுத்தார்கள்; நூற்றுக்கணக்கான மேயர்கள் பதவி விலகினார்கள்.

பிரதமர் ஜார்ஜ் கிளெமான்ஸோ ராணுவத்தை அனுப்பினார். ஜூன் 19, 20 தேதிகளில் நார்பானில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பொதுமக்கள் உயிரிழந்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த 17-வது காலாட்படைப் பிரிவில் சுமார் 500 வீரர்கள் கலகம் செய்து பெஸியேவுக்கு நடந்தே போனார்கள்.

ஒரே ஒரு நோட்டு

தலைமறைவாக இருந்த அல்பேர் ஜூன் 23-ல் பாரிஸ் போய் கிளெமான்ஸோவையே நேரில் சந்தித்தார். ஊருக்குத் திரும்ப ரயில் செலவுக்கென்று பிரதமர் 100 ஃபிராங்க் நோட்டு ஒன்றைக் கொடுத்தார், அல்பேர் வாங்கிக்கொண்டார். இந்தச் சேதியை கிளெமான்ஸோ பத்திரிகைகளிடம் சொல்லிவிட, தலைவர் விலைபோய்விட்டார் என்ற பேச்சு பரவியது. மூன்று மாதம் கட்டிய நம்பிக்கை சில நாளில் உடைந்தது. அல்பேர் தானே சரணடைந்து சிறைக்குப் போனார்.

மிச்சம் என்ன?

ஜூன் 29-ல் புதிய சட்டம் வந்தது. எவ்வளவு அறுவடை, எவ்வளவு ஒயின் என்று ஒவ்வொரு விவசாயியும் அறிவிக்க வேண்டும். ஒயினில் சேர்க்கும் சர்க்கரைக்குக் கூடுதல் வரி. கணக்கு எழுத்தில் இருந்தால், அறுவடையைவிட அதிகமாக ஒயின் விற்பவர் மாட்டிக்கொள்வார். அந்த அறுவடை அறிவிப்பு முறை பிரான்ஸில் இன்றும் இருக்கிறது.

அதைக் கேட்டுப் போராடிய அல்பேர் 1921 டிசம்பரில் அதே ஆர்ஜெலியேவில் வறுமையில் இறந்தார்.